கோழி குடியிருந்த வாஷிங் மெஷின்

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போவதும் வேண்டாத பொருளாவதும் ஒன்றல்ல. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு விளங்க ஒரு வாஷிங் மெஷினும் ஒரு கோழியும் தேவைப்பட்டன.

அப்போது என் மனைவி ஷீஜாவுக்கு எட்டாம் மாதம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதால் பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு எறணாகுளத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, தகப்பனாகப் போகிறவனுக்குரிய மிடுக்கோடு அங்கும் இங்கும் நடந்துவிட்டுப் போவேன். (உபயோகமாக ஒன்றும் செய்ததில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது செய்தே தீர்வது என்று முடிவு செய்தேன். அடுக்களைக்குப் பின்னால் இருந்த சாய்ப்பில் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்று, மேலே பாதி சாக்கு மூடிக் கிடந்தது. அதை ஒழித்தால் தொட்டில் போட இடம் கிடைக்கும். ஷீஜா உறங்கிக்கொண்டிருந்தாள். மாமி, அதாவது ஷீஜாவின் அம்மா, கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ரோட்டில், பழையதும் உடைந்ததும் எடுக்கும் ஆக்கிரிக்காரரின் பெட்டி ஆட்டோ ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தது.

"பழயது, கேடாயது, பொட்டியது, எந்தும் எடுக்கும்!"

கைதட்டிக் கூப்பிட்டேன். அவர் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸாரே, உள்ளில் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன், உள்ளே பார்க்காமலே. பணமும் வேண்டாம், சும்மா கொண்டு போங்கள் என்று தாராளமாகச் சொல்லி, ஒரு பக்கம் நானே பிடித்துத் தூக்கியும் விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து ஷீஜா எழுந்து, கையில் கொஞ்சம் சோற்றோடு பின்பக்கம் போனாள். அங்கே ஒரு செவலைக் கோழி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கயிருந்த மெஷின் எங்க?"

"போட்டாச்சு!" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

ஷீஜாவின் முகம் வெளுத்தது. "எனக்க செம்பி அதுக்குள்ள இல்லியா அடையிருக்கியது! பதினோரு முட்டை. இன்னும் மூணு நாளுதான் உண்டு. தீனி தின்ன அந்த நேரந்தான் இறங்கியிருக்கும்."

படுக்கையில் கிடந்து அலுத்தவளுக்கு அந்தக் கோழிதான் கூட்டு என்பது எனக்குத் தெரியாது. காலண்டரில் செம்பிக்கு ஒரு வட்டம், தனக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாளாம். "நானும் அவளும் ஒண்ணாட்டு எண்ணிட்டிருந்தோம்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "எங்க வாஷிங் மெஷினைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். (மெஷின் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதாக யாரும் நினைத்திருந்தால் தப்பில்லை.) நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. பெட்டி ஆட்டோவில் நின்ற மெஷினின் வாயில் பத்திரிகைக் கட்டுகளை அடுக்கியிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளே வைக்கோல்மேல் பதினோரு முட்டைகளும் முழுசாக இருந்தன. தொட்டேன், இளஞ்சூடு இருந்தது.

மாமிக்கு போன் செய்தேன். விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "மருமவனே, முட்டையை சட்டைக்குள்ள ஒடம்போட சேத்து வையும். மெஷினையும் கொண்டு வரணும், கேட்டீரா? எடம் மாறினா கோழி கேறாதாக்கும்."

ஸ்கூட்டரை டீக்கடையில் விட்டேன். பெட்டி ஆட்டோவில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. அதனால் பின்னால் துருப்பிடித்த கட்டிலுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே, சட்டைக்குள் பதினோரு முட்டையோடு, வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "குழி பாத்துப் போங்க, குழி பாத்துப் போங்க" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அவர் பாவம், ஆமை வேகத்தில்தான் ஓட்டினார். ஆனால் தொழில் தர்மத்தை விடாமல் ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. "பழயது, கேடாயது, பொட்டியது" என்று அது ஊருக்கெல்லாம் அறிவிக்க, நான் பின்னால் வந்து இறங்கினேன்.

பக்கத்து வீட்டு ராஜம்மக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏட்டி சரோஜம், ஒனக்க மருமவனையும் ஆக்கிரிக்குப் போட்டாச்சா?"

"போட்டேன். வேண்டாம்னு கொண்டுவந்து விட்டுட்டாரு" என்றார் மாமி.

மெஷினைப் பழைய இடத்திலேயே வைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக ஷீஜாவிடம் எடுத்துக் கொடுத்தேன். அவள் வைக்கோலில் அடுக்கினாள். செம்பி சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஏறவில்லை.

"நீங்க கொஞ்சம் மாறி நில்லுங்க. ஒங்களைக் கண்டு அது பேடிக்குது" என்றாள் ஷீஜா.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே நின்றபோதுதான் எனக்கே பயம் வந்தது. மூடியிருந்த ஒரு சாக்கை விலக்கிப் பார்க்கத் தெரியாதவன் ஒரு பிள்ளையை எப்படி வளர்க்கப்போகிறேன்? கொஞ்ச நேரத்தில் சிறகடிக்கும் சத்தமும், அப்புறம் வைக்கோல் சரசரப்பும் கேட்டன. ஷீஜா வந்து என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"கேறியாச்சு. வயித்தைத் தாங்கிட்டு நடந்தியளே, இப்பம் தெரியுமா எனக்க பாடு?"

மூன்றாம் நாள் எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன. அதற்குள் மாமி அந்த மெஷின்மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டார்: 'ஆளுண்டு'.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஷீஜா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுலயும் ஆளுண்டு. பாத்து ஓட்டணும்." அவ்வளவு வலியிலும் சிரித்தாள்.

அந்த ஆள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் வீட்டில் எதைத் தூக்கிப் போடுவதானாலும் முதலில் அதைத் தட்டி, "ஆளுண்டா?" என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். போன வாரம் கெட்டுப்போன ரைஸ் குக்கரை வெளியே எடுத்துக்கொண்டு போனேன். பையன் பாதி இட்லியோடு ஓடிவந்து வழிமறித்தான்.

"அப்பா, கேட்டாச்சா?"

தட்டிக் கேட்டேன். பதில் வரவில்லை. இருந்தாலும் மூடியைத் திறந்து பார்த்தேன்.