மூன்று படத்துக்கு நடுவில் ஒரு கலியாணம்

ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கேடு வராது. கொஞ்சம் தெரிந்தவனுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு அந்தக் காலத்தில் கணினியில் படங்களை டிவிடித் தட்டில் எழுதத் தெரியும்.

நோர்வேயில், அம்மருட் என்ற இடத்தில் இருந்த எங்கள் மாடிக் கட்டடத்தில் அது ஒரு பதவி. ஒரே தட்டில் இரண்டு படம் அடக்குபவனை மதித்தார்கள். மூன்று அடக்கினால் வீடு தேடி வந்து தேத்தண்ணி குடித்தார்கள். (தேத்தண்ணி என்னுடையது.)

அப்போது என் மனைவி வதனியின் தங்கை சுகிக்குப் பேர்கன் நகரத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகம் சரி, பெண்ணைக் காட்ட வேண்டும். நேரே புகைப்படம் அனுப்பினால் நாங்கள் அவசரப்படுவதாக நினைப்பார்களாம். ஆகவே எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதையே செய்தோம்: சுகி பூத்தட்டம் தூக்கி வரும் சொந்தக்காரர் கலியாண வீடியோ ஒன்றைத் 'தற்செயலாக' அனுப்புவது.

"தனியக் கலியாணத்தை அனுப்பினா விளங்கிப்போடும் தம்பி," என்றார் மாமி, வதனியின் தாய். "ரெண்டு மூண்டு படமும் சேர்த்து அனுப்புங்கோ."

"நாலு டிவிடியிலை எழுதுங்கோவன்," என்றாள் வதனி.

"நாலோ? அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

மூன்று படத்தையும் கலியாணத்தையும் ஒரே தட்டில் அடக்கலாம், ஆனால் தெளிவு போய்விடும் என்று கணினி இரண்டு தடவை எச்சரித்தது. நோர்வேஜிய மொழியில், மிக மரியாதையாக. இரண்டு தடவையும் 'யா', அதாவது ஓம், என்று அழுத்தினேன். சண்டைக் காட்சி மங்கினால் என் பெயர் கெட்டுவிடும் என்று படங்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த மூலைக்குள் மூன்று மணி நேரக் கலியாணத்தைத் திணித்தேன். சரிபார்த்தேனா? பார்த்தேன், முதல் படத்தின் முதல் பாட்டை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அழைத்தார். வீடே கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை நானேதான் போட்டேன்.

"படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி. கலியாணம்தான் கட்டம் கட்டமா இருக்கு. சனமெல்லாம் சீனிக்கட்டி அடுக்கின மாதிரி நிக்குது. எண்டாலும் பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

மாமி சாமிப் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"முகம் தெரியேல்லை. தட்டத்தோட வாற நடையே போதும், நல்ல அடக்கம். மஞ்சள் சாறிதானே?"

சுகி அன்றைக்குக் கட்டியிருந்தது பச்சை. மஞ்சள் கட்டித் தட்டம் தூக்கியவள் இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தப் பிள்ளைகளின் தகப்பன் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றான்.

சுகி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். கூப்பிய கையை மாமி இறக்கவே இல்லை.

"தம்பி, லைனிலை நிக்கிறீங்களோ?"

"ஓம் அம்மா. அது... அது என்ரை மனிசி."

அடுத்த சனிக்கிழமை, கலியாணம் மட்டும் எழுதிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேர்கனுக்கு ரயிலேறினேன். (எழுதியது வதனி. என்னைக் கணினிக்குக் கிட்ட விடவில்லை.) மலையும் பனியும் யன்னலால் போயின. நான் தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பச்சைச் சாறி வந்தது.

"ஓ... இவவோ?" வெகுநேரம் பார்த்தார். "இவவும் வடிவுதான்."

கலியாணம் நடந்தது. வீடியோக்காரருக்குப் பக்கத்தில் என்னை அண்ட விடக்கூடாது என்பது மட்டுமே சுகி போட்ட நிபந்தனை. அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். என் வீட்டில்தான் விமோசனம் இல்லை. கறியில் உப்புக் குறைவு என்று வாய் திறந்தால் போதும், வதனி அகப்பையைக் கீழே வைப்பாள்.

"பேர்கனிலை முகம் தெரியாமலே என்னைக் கேட்டவை. முகத்தைப் பாத்துக் கட்டினவர் இஞ்சை உப்புக் கதைக்கிறார்."