தேங்காய்க்காரரும் தண்ணீர் ஆகாத செடியும்

பூமிக்குள் எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லியே பிழைப்பு நடத்திய ஒருவர், ஆபீசுக்கு வருகிறவர்களின் தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? நாலு வருடத்துக்கு முன்பு திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் வண்டி ஆபீசில் நான் போன் எடுக்கும் வேலையில் இருந்தபோது, இதைத் தினமும் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் தேங்காய்க்காரர். போர் போட வேண்டிய தோட்டங்காட்டில், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். எந்த இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறதோ அங்கே குதிகாலால் ஒரு கோடு. அதுதான் பாயிண்ட். அந்தத் தேங்காய் எழாவிட்டால் எங்கள் முதலாளி ரிக் வண்டியைக் கிளப்பவே மாட்டார்.

அவருடைய ஒரே மகள் வேலைக்காக ஆஸ்திரேலியா போனாள். அந்த நாட்டுக்குள் செடி கொண்டுபோக விடமாட்டார்களாம். ஒற்றை இலையில் இருந்து அவள் ஆறு வருடம் வளர்த்த ஜேடு செடி அப்பாவிடம் வந்து சேர்ந்தது. தடித்த தண்டு, பளபளவென்று சதைப்பிடிப்பான இலைகள். தன் வீட்டில் வெளிச்சம் போதாது என்று அவர் அதை எங்கள் ஆபீசின் கிழக்கு ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு ஆபீசே அவர் வசம் போய்விட்டது.

"யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுங்க. இது எலையிலயே தண்ணியச் சேத்தி வெச்சுக்கும். மேல ஊத்துனா வேரு அழுகிப்போயிரும்."

சாதா மண் ஆகாதென்று, ரிக் வண்டி தொள்ளாயிரம் அடியில் இருந்து கக்கிய கல் பொடியை அள்ளிவந்து சலித்துக் கலந்தார். எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்புவார். தண்ணீர் ஊற்றும் நாளை மட்டும் அவர் முடிவு செய்வதில்லை. தொட்டிக்கு மேலே தேங்காயைப் பிடிப்பார். எழுந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது, ஊற்றக் கூடாது. படுத்தே கிடந்தால் அரை டம்ளர். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் கையில் இருந்த போனைக் கீழே போட்டுவிட்டேன். விரலை விட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன்.

"வெரலு பொய் சொல்லுஞ் சாமி" என்றார்.

பரமத்தி வேலூரில் இருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் போர் விஷயமாக வந்தார். காலமெல்லாம் ஈரத்தில் நின்றே பழகிய மனிதர். காய்ந்த மண்ணைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல், நாங்கள் குடிக்கக் கொடுத்த டம்ளரில் இருந்த மிச்சத்தைத் தொட்டியில் சாய்த்தார். தேங்காய்க்காரர் பாய்ந்து வந்து அவ்வளவு தண்ணீரையும் தன் உள்ளங்கையில் வாங்கிவிட்டார்.

"ஏனுங்க, செடி காயுதுங்ளே! பாத்துட்டுச் சும்மா போறதுங்ளா?"

"காயட்டுமுங்க! உங்க கருணைய உங்க கொடிக்கால்ல காட்டுங்க!"

கொடிக்கால்காரர் வந்த காரியத்தையே மறந்து பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகளிடமிருந்து வீடியோ கால் வரும். தண்டைக் காட்டுங்கள், அடி இலையைக் காட்டுங்கள் என்று பத்து நிமிடம் செடியைப் பார்ப்பாள். அப்பாவுக்கு "சரிப்பா, வெச்சிடறேன்" மட்டும்தான். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "இந்தச் செடி போயிருச்சுன்னா, அப்பறம் அவ எதைப் பாக்கறதுக்குக் கூப்புடுவா சாமி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நேரம் பார்த்து முதலாளி ஆயுத பூஜைக்கு ஆசையாக ஒரு பீங்கான் தொட்டி வாங்கிவந்தார். அடியில் துளையே இல்லை. ரிக் டிரில்லரைக் கூப்பிட்டுத் துளை போடச் சொன்னோம். அவர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயரத்தி எறநூறு அடி வேணும்னாலும் எறக்கறனுங்க. இதுல கை வெச்சா ஒடஞ்சு போயிரும். என்னைய உட்ருங்க."

முதலாளி மனம் நோகக் கூடாதென்று, செடி துளையில்லாத தொட்டியிலேயே குடியேறியது. அப்புறம் தேங்காய்க்காரர், அந்த ஞாயிறு கூப்பிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, பாயிண்ட் பார்க்கப் பத்து நாள் கர்நாடகா பக்கம் போனார். நாலாம் நாள் இலைகள் சுருங்கியது போல எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. பாட்டிலில் மிஞ்சியதைத் தினமும் சாயங்காலம் ஊற்றினேன். ஊற்றின தண்ணீர் வெளியே போக வழியில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு மேல் தேங்காயைப் பிடித்தார். அது விருட்டென்று எழுந்து நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பத்து நாள் தண்ணீர் படாத தொட்டியில் தேங்காய் எழுவதாவது! ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் முதலாளி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"மொதலாளி! ஆபீசுக்கு அடியில நீரோட்டம் போகுதுங்க!"

ஊருக்கெல்லாம் போர் போடும் எங்கள் முதலாளியின் வளாகத்தில் மூன்று போர் போட்டும் புழுதிதான் வந்தது. டேங்கர் லாரித் தண்ணீரில்தான் நாங்கள் முகம் கழுவினோம். அந்த அவமானத்தில் வெந்துகிடந்த மனிதருக்கு இது போதாதா?

"மேசைய அக்கட்டால தள்ளுங்கடா! செவுத்த இடிச்சாலும் செரி, வண்டியக் கொண்டா!"

டைல்ஸ் தரையில் சாக்பீஸ் வட்டம் விழுந்தது. வெளியே ரிக் வண்டி உறுமியது. நான் சாக்பீஸ் வட்டத்துக்குள் போய் நின்றேன்.

"நாந்தானுங்க தெனமும் ஊத்துனேன்" என்றேன்.

வண்டியை அணைத்தார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மூன்று போரின் புழுதியும் இருந்தது. தேங்காய்க்காரருக்கோ முகமெல்லாம் பல். "பாத்தீங்ளா? தண்ணி இருந்துச்சா, இல்லியா? தேங்கா சொன்னா சொன்னதுதானுங்க!" என்று குதித்தவர், அந்தக் குஷியில் செடியைத் தட்டிக்கொடுத்தார். இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தண்டை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது. நானே மகளிடம் ஒப்புக்கொள்வது என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு, மொட்டையாக நின்ற செடியைப் போனில் காட்டினார்.

"கண்ணு, நாந்தான் அளவு தெரியாம ஊத்திப்போட்டேன். என்ற தப்புத்தான்."

அவர் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"அப்பா, ஏம்ப்பா இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்றாள் மகள்.

இத்தனை நாளும் போனில் அவள் பார்த்தது செடியை. அப்பா முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. உச்சியில் அழுகாத கிளை ஒன்றை வெட்டி, வெட்டு வாய் காயும் வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு நடச் சொன்னாள். செடிக்கு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவரைப் பற்றி. யார் சமைக்கிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டார், கால் வலிக்கு யாரிடம் காட்டினார் என்று கேள்வி மேல் கேள்வி. அவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு மணி நேரம் தாண்டிப் பேச்சு போனது.

அதற்குள் பாயிண்ட் பார்க்க அவரைக் கூப்பிட இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றேன். "அவரு இன்னிக்கு ஊர்ல இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த மனிதருக்கு அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.