நூற்றுக்கு நூறு வாங்கிய திரைச்சீலைக் கடை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். நீ பதில் எழுதுகிறவன் அல்லன்.

என் மகளின் திரைச்சீலைக் கடைக்கு மாப்பிள்ளை வலைத்தளம் தொடங்கியது உனக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் அதில் ஒரு ஆர்டராவது வராவிட்டால் தளத்தை மூடிவிடுவதாக மகள் சொல்லிவிட்டாள். நீ சிபாரிசு செய்த சோதனைக் கருவியோ, கண் தெரியாதவர்கள் உட்பட எல்லாரும் பயன்படுத்த முடியுமா என்று தளத்தைத் தானாகவே அலசி, எல்லாம் பச்சை, நூற்றுக்கு நூறு என்றது. மாப்பிள்ளை அதை அச்செடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் சீருடை மடிப்பைப் பார்த்து மார்க் போடுகிறவர் அல்லர்; காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் போடுவார். "மனுஷங்க யாராவது ஒக்காந்து பாக்க வேண்டாமா?" என்றேன். "அத்தை, மிஷினுக்குத் தெரியாததா?" என்றார்.

மறுநாளே பார்வையற்ற ஒரு பெண்மணி ஃபோன் செய்தார். தளத்தில் இருப்பதை அவருடைய ஃபோன் வாய்விட்டுப் படிக்குமாம். "ஏங்க, உங்க கடையில என்னதாங்க விக்கிறீங்க? படம், படம், படம்னே சொல்லிட்டிருக்கு!" விசாரித்தால், ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் கேட்டிருக்கிறது கருவி, மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் 'படம்' என்றே எழுதியிருக்கிறார். இடம் நிரம்பியதா என்று மட்டும் பார்க்கத் தெரிந்த அது, மார்க்கை அள்ளிக் கொடுத்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய்!

உடனே நானே இறங்கினேன். 'கடல்நீலம். கனத்த துணி. மதிய வெயிலைத் தடுக்கும்.' 'பழுப்பு. அழுக்கும் தெரியாது, அழகும் தெரியாது.' இப்படி ஒவ்வொன்றாக எழுத, மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். "அத்தை, விக்கிற மாதிரி எழுதுங்க, தீர்ப்பு எழுதாதீங்க!" "உண்மைய எழுதுனா விக்காதுன்னா துணிய மாத்துங்க மாப்பிள்ளை." பிறகு என் ஃபோனைப் படிக்கவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பெண்மணி வருவது போலவே தளம் முழுக்கச் சுற்றி வந்தேன். விரல் பட்ட இடமெல்லாம் பேசியது. கடைசியில் 'நன்றி' என்றது. "பரவாயில்ல" என்றேன்.

அன்று மாலையே ஆர்டர், தம்பி! அதுவும் பழுப்பு! உண்மைக்கு இருக்கிற மதிப்பைப் பார். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இனிமே நீதான் எங்க மிஷின்" என்றாள். விலாசத்தைக்கூடப் பார்க்காமல் துணியை வெட்டித் தைத்தும்விட்டாள். ஆகவே கருவியை நிறுத்தும்படி மாப்பிள்ளைக்கு நீயே எழுது. நான் சொன்னால் மாமியார் கொடுமை ஆகிவிடும்.

உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி நீடு வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மாப்பிள்ளை பார்சலில் விலாசம் எழுத உட்கார்ந்தவர், "அத்தை, இது உங்க பேரு, நம்ம வீடு!" என்று கத்தினார். கண்ணை மூடிக்கொண்டு நான் கடைசியாகத் தொட்டது ஆர்டர் பொத்தானாம்; என் விவரமெல்லாம் ஃபோனிலேயே இருந்ததாம். கருவியை நிறுத்த வேண்டாம். அது தொட்டதையெல்லாம் வாங்குவதில்லை. அந்தப் பெண்மணி சற்றுமுன் கடல்நீலம் கேட்டு ஆர்டர் அனுப்பிவிட்டார். பழுப்புக்கு நான் எழுதியதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். ஆக, தளம் பிழைத்தது. பழுப்பு என் அறை ஜன்னலில் தொங்குகிறது. எழுதியபடியே, அழுக்குத் தெரியவில்லை.