அடியில் தட்டிப் பார்க்கிறவர்

மிளகுக்கு வாடல், ஏலக்காய்க்குப் பேன், எங்கள் இடுக்கி மலையில் வண்டிகளுக்குச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்து நிபுணர். மருந்து கண்டுபிடிக்காத பீடை இந்தக் கடைசி ஒன்றுதான்.

புதுக் கார் எங்கே வந்து நின்றாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டி, தோள்துண்டைத் தரையில் விரித்து, மல்லாந்தபடி அடியில் புகுந்து, ஸ்பானரால் டங் டங்கென்று தட்டி, நாடி பார்க்கிற வைத்தியர்போலக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். வாங்கியவன் முகம் செத்துவிடும். அவருக்கு அதுதான் சாப்பாடு.

எனக்குத் தெரிந்த உருப்படி லூக்கோஸ், என் மனைவியுடைய பெரியப்பாவின் இரண்டாம் தாரத்து மகன்.

"ஏணி மாதிரி ரெண்டு இரும்புத்தண்டு கிடக்கணும். அதுமேல உடம்பு உக்காரணும். அது ஜீப்பு. இந்தக் காருக்கு உடம்பேதான் எலும்பாம். தகரடப்பாவுக்கு ஏதுய்யா எலும்பு?"

ஏலக்காய் மூட்டையோடு பத்துப் பேர் சேற்றில் ஏற ஜீப்தான் வேண்டும், யார் இல்லையென்றது? நிபுணருக்கு அது போதாதே!

அவர் தங்கை ஏலிக்குட்டியின் மகன் குரியாச்சன். மழையில், மலைவளைவு ஒன்றில், அவன் கார் வழுக்கிப் பாறையில் மோதி, முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. உள்ளேயிருந்த தாயும் மகனும் இறங்கி நடந்துபோய்ப் பாலில்லாத கட்டன்காப்பி குடித்தார்கள்.

"பாத்தியாடா, தொட்டதும் நொறுங்கிடுச்சு!"

"அது நொறுங்கினதாலதான் மாமா நாங்க நொறுங்கலை."

"போடா! இதைக் கொச்சிக்குக் கொண்டுபோய், மேடையில கட்டி இழுத்து, அளந்து, வெட்டி ஒட்ட ஒரு மாசம். ஜீப்னா நம்ம பட்டறையில ரெண்டு நாள்."

அது உண்மைதான். பாதி உண்மை தெரிந்தவன் வாயை யார் அடைப்பது?

அந்த மாதம்தான் பாலா நகரத்தில், கன்னியர் மடத்தில், ஏலிக்குட்டியின் இளையமகள் துறவு உடுப்பு வாங்குகிற நாள். பெற்றவளுக்கு அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாடகைக் கார் பிடிக்கப் போனான் குரியாச்சன். லூக்கோஸ் விடுவாரா? "என் தங்கச்சி தகரடப்பாவுல போகமாட்டா!" என்று தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அதே வளைவு. அதே மழை. ஜீப் மோதியதில் பாறைதான் சிராய்ந்தது. முன்சீட்டில் ஏலிக்குட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். நம் ஆள் எங்கே? அடியில். டங். டங்.

"சந்தோஷப்படடீ ஏலிக்குட்டி! சேஸிஸ் ஒரு நூல்கூட வளையலை!"

மூன்று விலா எலும்பு போயிற்று. மடத்தில் மணியடித்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார் லூக்கோஸ்.

"பம்பரைத் தட்டி நிமித்தியாச்சுடீ. ரெண்டே மணி நேரம்."

"அந்தச் சுத்தியலைக் கொண்டாங்க சேட்டா, என் விலாவையும் தட்டி நிமித்துங்க. எம்புள்ள உடுப்பு வாங்கினதை ஊரே பாத்துச்சு. நான் இந்த மோட்டுவளையைப் பாத்துட்டுக் கிடந்தேன்."

"விலா தானா கூடிடும்டீ," என்றார் மனிதர், ஆரஞ்சை உரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை வெளியூரிலிருந்து போன் செய்து, வண்டி இடித்துவிட்டது என்கிறான். உங்கள் வாயிலிருந்து முதலில் வரப்போவது, "உனக்கு அடி பட்டுச்சா?" என்பதா? இல்லை, "வண்டிக்கு முன்னாடியா, பின்னாடியாடா?" என்பதா?