கமாண்டர் நாய் பழக்குகிறார்

வீட்டில் தன் பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும் சிலர் பக்தியில் இறங்குவார்கள், சிலர் செடி வளர்ப்பார்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அது நாய் வாங்கும். சாதுவான நாய் இல்லை. அது காலடியில் படுத்துக் குறட்டை விட்டே எஜமானரின் மானத்தை வாங்கிவிடும். முறைத்தால் தெருவே ஒதுங்குகிற நாயாகப் பார்த்து வாங்கி, அதற்கு ஒரு முரட்டுப் பெயர் வைத்து, கழுத்தில் கனத்த சங்கிலியை மாட்டி, தானும் பாக்கெட்டுக்குமேல் பாக்கெட் தைத்த பச்சைக் கால்சட்டைக்குள் புகுந்துகொண்டு அந்த இனம் தெருவில் இறங்கும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் எதிர்ப்பக்கம் போயிருப்பீர்கள். நாய்க்குப் பயந்து போகிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தி வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவாரே என்று பயந்துதான் போகிறீர்கள் என்பது நமக்குள் இருக்கட்டும்.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவர் உண்டு. வால்வு செய்கிற தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர். எந்தப் படையிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. நாய்ச் சங்கத்தில் முதுகுக்குப் பின்னால் 'கமாண்டர்' என்று கேலி செய்தார்கள். அது காதில் விழுந்தபோது பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். நாயின் பெயர் இடி. அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். அந்த அம்மாள் நாய்ப் பிரியை ஒன்றும் இல்லை. சோபாவில் ஒட்டியிருக்கும் முடியைக் கண்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார், நாயோடும் சரி, கணவரோடும் சரி.

கமாண்டரின் தத்துவம் ஒரே வரி: நாய் எப்போதும் நாற்காலியைப் பிடிக்கப் பார்க்கும், பிடிக்க விடக்கூடாது. அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? நாய்க்குச் சோறு வைக்குமுன் அதன் எதிரே நின்று தான் ஒரு பிஸ்கட்டை மெதுவாக மென்று தின்பார். வாசலில் நாய்க்கு முன்னால் போகவேண்டும் என்று பாய்ந்து, இரண்டு பேருமாக நிலையில் சிக்கிக்கொள்வார்கள். ஒரு நாள், நாயின் படுக்கையும் தன் ஆட்சிக்கு உட்பட்டதே என்று அதற்கு உணர்த்துவதற்காக அதில் போய்ப் படுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மனைவி வந்து பார்த்தார். "என்னங்க, எழுந்திருக்க முடியலையா?"

"அதிகாரத்தை நிலைநாட்டிட்டு இருக்கேன்."

"நிலைநாட்டினது போதும். கையைக் குடுங்க."

இடி ஓரமாக உட்கார்ந்து, தன் படுக்கை எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கூடும். காவல் நாய் விளையாட்டு பார்க்கத்தான் பயங்கரம், விதி எளிது. ஒருவர் கையில் தடித்த சணல் உறையை மாட்டிக்கொண்டு திருடன் மாதிரி நிற்பார். நாய் பாய்ந்து அந்த உறையைக் கவ்வவேண்டும். சொந்தக்காரர் 'விடு' என்றதும் விட்டுவிட்டு எதிரிலேயே காவல் நிற்கவேண்டும். கவ்வுவது எந்த நாய்க்கும் வரும். விடுகிற நாய்க்குத்தான் பரிசு.

அங்கே திருடன் வேஷம் ஒரு பல் டாக்டருக்கு. வாரம் முழுக்க மனிதர்களின் வாய்க்குள் கையை விடுகிறவர், ஞாயிறானால் நாய்களின் வாய்க்குள் கையைக் கொடுப்பார். வாயாடி, கடிபட்டுக்கொண்டே அரட்டை அடிப்பார்.

இடி கவ்வினால் டாக்டரே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார், அப்படி ஒரு பிடி. விடுவதில்தான் தகராறு. கமாண்டர் தூரத்திலிருந்து 'விடு' என்பார், நாய் இறுக்கும். பக்கத்தில் வந்து 'விடு' என்பார், இன்னும் இறுக்கும். காதுக்குள் குனிந்து கத்தி, கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்கி, விலாவில் முழங்காலால் இடித்து ஒரு வழியாக விடவைத்ததும், தரதரவென்று இழுத்துப்போய்க் காருக்குள் அடைத்து, வீடு வந்து சேரும்வரை திட்டுவார். நீங்கள் அந்த நாயாக இருந்து யோசித்துப் பாருங்கள். விட்டால் என்ன கிடைக்கும்? உதை. விடாவிட்டால்? அதே உதை, ஆனால் வாயில் உறையாவது இருக்கும். உங்கள் முடிவு என்ன?

டாக்டர் சொல்லிப் பார்த்தார். "சார், உங்க காலடிச் சத்தம் கேட்டாலே இவன் கடியை இறுக்கறான். என் கைக்குத் தெரியுது."

"திமிர், டாக்டர். என்னைச் சோதிச்சுப் பாக்கறான்."

"திமிர் இல்ல சார், பிடுங்கிடுவீங்களோன்னு பயம். அவன் விட்ட அடுத்த நொடி திரும்பக் கடிக்கக் குடுங்க. விட்டாத்தான் ஆட்டம் தொடரும்னு புரிஞ்சிட்டா நீங்க கத்தவே வேணாம்."

"அதுக்குப் பேரு லஞ்சம்."

கொள்முதல் மேலாளர் சொல்கிறார், தெரியாமலா சொல்வார்? டாக்டர் மேலே பேசவில்லை. பேசியிருந்தால் ஓநாய்க் கூட்டத்தின் தலைவனைப் பற்றிக் கமாண்டரின் சொற்பொழிவு ஆரம்பித்திருக்கும். சங்கத்தில் எல்லாரும் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

வருடாந்தரப் போட்டி வந்தது. கமாண்டர் தன் தொழிற்சாலை முதலாளியையே அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அலுவலகத்தில் முதலாளிக்கு முன் நாற்காலி நுனியில் உட்காருகிற மனிதர், இங்கேயாவது தன்னைக் கண்டு ஒரு ஜீவன் நடுங்குவதை அவர் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகச் சில வாரங்களாகவே நாயின் அகலப் பட்டைக்கு அடியில், சங்கம் தடை செய்திருந்த, உள்பக்கம் முள் வைத்த சங்கிலி ஒன்றை ஒளித்து மாட்டிவந்தார். மனைவிக்கும் சொல்லவில்லை.

இடி அம்பு மாதிரி பாய்ந்து கவ்வியது. கூட்டம் கைதட்டியது. கமாண்டர், "விடு" என்றார். விடவில்லை. மறுபடியும் சொன்னார். முன்வரிசையில் முதலாளி லேசாகச் சிரிப்பது கண்ணில் பட்டது. அவ்வளவுதான், விறுவிறுவென்று போய்ப் பட்டையைப் பிடித்து உடம்பின் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு சுண்டு சுண்டினார்.

உறையை விட்ட வாய் அவர் முன்கையைக் கவ்வியது.

அப்புறம், முதன்முறையாக, யாரும் சொல்லாமலே இடி விட்டது. விட்டுவிட்டு வயிறு மண்ணில் தேய, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, டாக்டரின் கால்களுக்குப் பின்னால் போய் ஒண்டியது. கடித்தது அது, நடுங்கியதும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கையைத் தொங்கலில் மாட்டிக்கொண்டு, கமாண்டர் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னார். "சோறு போட்ட கையைக் கடிச்சிடுச்சு. இனிமே இது எனக்கு வேணாம். வெட்டினரி டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லு."

மனைவி நாயின் பட்டையைக் கழற்ற உட்கார்ந்தார். அடியிலிருந்து முள் சங்கிலி வந்தது. முடியை விலக்கிப் பார்த்தால் கழுத்தைச் சுற்றிப் புண்கள், சில பழையவை, சில இன்னும் ஈரமாக. நாயை மெல்ல அவர் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்க. பாத்துட்டு, ஊசியை யாருக்குப் போடணும்னு நிதானமா சொல்லுங்க."

கமாண்டர் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து எழுந்தார். அவர் எழுந்த மாத்திரத்தில் இடி அடுத்த அறைக்குப் போய்விட்டது. இத்தனை நாளும் அதை மரியாதை என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று இப்போது தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார். ஊசிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

புண் ஆறியதும் மனைவி நாயை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்பு பொங்கி அல்ல. பல் டாக்டர் போனுக்கு மேல் போன் செய்து அரித்ததால். கமாண்டரும் வரலாம், ஆனால் காருக்குள்ளேயே இருக்கவேண்டும், கண்ணாடி ஏற்றியிருக்கவேண்டும் என்று டாக்டர் நிபந்தனை போட்டார்.

இடி கவ்வியது. டாக்டர் கையைச் செத்த கையாக அசையாமல் வைத்துக்கொண்டார். இழுபறி இல்லாத உறையில் என்ன சுவை? மனைவி நின்ற இடத்திலேயே நின்று, ஃபேனை அணைக்கச் சொல்கிற குரலில், "விடு" என்றார். நாய் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தது. யாரும் வரவில்லை. யாரும் பட்டையைப் பிடிக்கவில்லை. தயங்கித் தயங்கி விட்டது. விட்டதுதான் தாமதம், டாக்டர் துள்ளி உறையை மறுபடி அதன் வாய்க்கே கொடுத்தார். அடுத்த தடவை சீக்கிரம் விட்டது. அதற்கடுத்த தடவை விட்டுவிட்டு, 'எங்கே, கொடு' என்று டாக்டரை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது.

காருக்குள் கமாண்டரின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தன் வீட்டுக் கல்யாணத்தை மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவருக்கு. அந்த நாய்க்கு வால் இவ்வளவு ஆடும் என்றே அவருக்குத் தெரியாது.

இத்தோடு அவர் திருந்தினார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். திருந்தவும் செய்தார், தன் இனத்துக்கு உரிய முறையில்.

அடுத்த வருடப் போட்டியில் மனைவியும் இடியும் பரிசு வாங்கினார்கள். மைக்கைக் கமாண்டர் வாங்கினார். நாயோடு மோதாமல் பழக்குவது எப்படி என்பதைத் தான் பல வருட ஆராய்ச்சியில் கண்டறிந்த விதத்தை விளக்கினார். டாக்டர் கொட்டாவி விட்டார். அந்த நேரம் பார்த்து, சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒரு வங்கி ஊழியர், செருப்பைக் கடித்துக்கொண்டிருந்த தன் குட்டியின் கயிற்றை லேசாக இழுத்தார்.

மைக் அதிர்ந்தது. "மோதக் கூடாதுன்னு சொல்லிட்டே இருக்கேன், என்ன பண்றீங்க அங்க? அறிவு இருக்கா? கயிறைக் கீழ போடுங்க. போடுங்கன்னு சொல்றேன்ல?"

கமாண்டர் மேடையிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடந்தார். வங்கி ஊழியர் கயிற்றைப் போடவில்லை. கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

உங்களிடம் நாய் இல்லை, ஆகவே இந்தக் கதை உங்களைப் பற்றியது இல்லை. நிம்மதியாக இருங்கள். பொழுதுபோகாத ஒரு நாளில் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள்: நீங்கள் அறைக்குள் நுழைகிறபோது அங்கே இருக்கிறவர்கள் கையில் இருப்பதை, அது போனோ, ரிமோட்டோ, பாதி எழுதிய பரீட்சைத் தாளோ, கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார்களா? பிடித்தால் பதறவேண்டாம். 'எதுக்கு ஒளிக்கறே?' என்று கேட்காமல் இருந்தால் போதும்.

கேட்டுவிட்டீர்களா?