ஒன்றேகால் மணி நேரப் பயணம்

என் கால் தரையை விட்டு எழும்பாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காரணம் பயம் இல்லை. கணக்கு.

நான் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எப்போது கிளம்புகிறது, எப்போது வந்து சேருகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. என்னிடம் வந்து என் மனைவி சொல்கிறாள்: "மக ஊருக்கு விமானத்துல ஒன்னேகால் மணி நேரம்தாங்க. பேத்தி சிரிக்க ஆரம்பிச்சுட்டாளாம். போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

பேத்தியை நான் செல்போனில்தான் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு மனைவி மட்டும் விமானத்தில் போய் வந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"அது பறக்கிற நேரம் மட்டும்," என்றேன். "வீட்டு வாசல்ல இருந்து கணக்குப் போடணும். விமான நிலையத்துக்குப் போக ஒன்றரை மணி. அங்க ரெண்டு மணி நேரம் உட்காரணும். இறங்கினா பெட்டிக்காக நிக்கணும். அப்புறம் மக வீட்டுக்கு இன்னொரு ஒன்றரை. மொத்தம் ஏழு. ரயில்ல எட்டு. ஒரு மணி நேரத்துக்காக வானத்துல ஏறணுமா?"

"ரயிலுக்கு வாசல் கணக்கு கிடையாதா?"

"ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கு?"

"ஸ்டேஷன் பக்கத்துலதான். நீங்கதான் மூணு மணி நேரம் முன்னாடியே போய் உட்காருவீங்க. அதுக்கு நடுவுல பூட்டை இழுத்துப் பார்க்க வீட்டுக்கு ஒரு தடவை திரும்பி வருவீங்க."

நான் இருமினேன்.

"சரி, விடுங்க," என்றாள்.

அவள் விடுங்க என்றால் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"நீங்க ரயில்லயே வாங்க. நான் தனியா விமானத்துல போய்க்கிறேன். போன தடவை பயத்துல கை காலெல்லாம் உதறிச்சு. பிடிச்சுக்கப் பக்கத்துல ஒரு கை இல்லையேன்னு இருந்துச்சு. பரவாயில்ல, பழகிக்கிறேன்."

இதற்கு மேல் ஒரு கணவன் என்ன கணக்குப் போட முடியும்?

விமானம் தாமதமாகக் கிளம்பியது. எங்கள் நிலையமாக இருந்தால் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டிருப்பேன். அங்கே நான் கேட்கும் நிலையில் இல்லை. தரை கீழே நழுவியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத, நான் இருக்கேன்," என்றேன், கண்ணை இறுக மூடியபடி.

"நீங்க இருக்கறது நல்லாவே தெரியுது," என்றாள்.

மகள் வீட்டில் பேத்தியை மடியில் போட்டார்கள். அவள் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். முகத்தை ஒரு நிமிடம் ஆராய்ந்தாள். பிறகு பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தாள். நேரம் பார்த்தே பிழைப்பவன், எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று பார்க்கவில்லை.

எனக்குப் பேச்சு வந்ததும் பெருமையும் வந்தது.

"உங்கம்மா பயத்துல என் கையை விடவே இல்லைம்மா."

"அம்மாவா?" மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போன தடவை ஏறினதும் தூங்கினவங்க. விமானம் இறங்கினதுகூடத் தெரியாம, பணிப்பெண் வந்து எழுப்பி விட்டிருக்காங்க."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் மணிக்கட்டில் வரிசையாகப் பதிந்திருந்த நான்கு பிறைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போறப்பவும் எனக்குப் பயமாத்தாங்க இருக்கும்," என்றாள். "நகத்தை மட்டும் வெட்டிட்டு வாங்க."