தட்டுக்கு இருபத்தொன்று, பேச்சுக்கு ஒன்று

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மாடிப்படி ஏறினால் எண்ணுவேன் (எங்கள் வீட்டில் பதினேழு). பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழுவதை எண்ணுவேன். இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன், என் மகனின் நிச்சயதார்த்தம் வரை.

மகனுக்கு மூன்று வருடம் பெண் தேடினோம். பதினான்கு ஜாதகம் தட்டிப்போனது. பதினைந்தாவதாக ராயக்கோட்டையில் ஒரு பெண் அமைந்தாள். போச்சம்பள்ளியில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கும் சம்மதம். ஆனால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடைய அக்காவுடையது. முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டில் இரட்டைப்படையாகப் பழம் வைத்து வந்ததற்காக, அந்த அம்மாள் காபிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று தரகர் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கமில்லை. எனக்கோ உற்சாகம். நமக்கேற்ற ஓர் ஆள் கிடைத்தாயிற்று.

"தட்டு ஒம்பது. பழம் இருபத்தொண்ணு. அத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எண்ணறதோட நிறுத்திக்குங்க. அங்க வந்து யாருக்கும் பாடம் எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

பழக்கடை பாய் எனக்குப் பத்து வருடப் பழக்கம். கடையில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்று கமலா ஆரஞ்சு. பச்சையும் மஞ்சளுமாக, இளைத்துப்போனவன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி தோல் தொளதொளவென்று இருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. இன்னொரு குவியல் பளபளவென்று ஒரே நிறம். நான் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன் (ஓய்வு பெற்றபோது எல்லோரும் கைக்கடிகாரம் கேட்டார்கள், நான் இதைக் கேட்டு வாங்கினேன்). இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமே இல்லை.

"சார், உரிச்சுத் திங்க கமலாதான் சொகம். அது கின்னோ. தோல் ஒட்டிக்கும், கொட்டையும் ஜாஸ்தி" என்றார் பாய்.

"ரெண்டும் மாண்டரின் குடும்பந்தான் பாய். மாண்டரின்னாலே தோல் கையோட வரும்" என்றேன். முந்தின வாரம் முழுவதும் செல்போனில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். பாய் இருபத்தொன்றை எண்ணிப் போட்டார். நான் மறுபடி எண்ணினேன்.

தை மாத வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பத்து மணிக்கு எல்லாம் தயார். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் மத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பெண் வீட்டுக் கூடத்தில் முப்பத்தெட்டுப் பேர், ஒருவரும் பேசவில்லை. அந்த அக்கா தட்டுகளைப் பார்வையாலேயே எண்ணி முடித்து, லேசாகத் தலையசைத்தார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இந்த மாண்டரின் இருக்கே" என்று ஆரம்பித்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

சீனாவின் தெற்கிலும் நம் வடகிழக்கு மலைகளிலும் தோன்றியது என்றேன். மாண்டரின் என்றால் சீனத்து அதிகாரி, அவர்கள் அங்கியின் நிறத்தால் பழத்துக்கு அந்தப் பெயர் என்று சிலர் சொல்வதாகச் சொன்னேன். மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறியது டாஞ்சரின், ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பெயரில் சட்சுமா, அல்ஜீரியாவில் தோட்டம் போட்ட ஒரு துறவியின் பெயரில் கிளமென்டைன். பெண்ணின் அப்பா "அப்படிங்களா சார்" என்று ஐந்து முறை சொன்னார். ஐந்தையும் நான் ஊக்கமாக எடுத்துக்கொண்டேன்.

"இதோட விசேஷமே தோல்தான். இப்படி விரல வெச்சா போதும், சட்டையக் கழட்டற மாதிரி வந்துடும்" என்று தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டை விரலை வைத்தேன்.

வரவில்லை. அழுத்தினேன். நகம் தோலைத் தாண்டிச் சுளைக்குள் போனது. ஒரு பீச்சு. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவின் வலது கண்ணில் சாறு விழுந்தது.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கண்ணால் தட்டைப் பார்த்தார். "இருபது" என்றார்.

கையிலிருந்ததை அவசரமாகத் தட்டில் வைக்கப் போனேன்.

"எடுத்ததத் திரும்ப வெக்கப்படாதுங்க" என்றார் அக்கா.

சரி, இன்னொன்று போனால் பத்தொன்பது, ஒற்றைப்படை என்று என் மூளை கணக்குப் போட்டது. ஒன்றை எடுத்துப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய பங்காளி ஒருவர், "மாப்பிள வூட்டுக்காரங்க கையால குடுக்கறாங்க, வேணாங்கலாமா" என்று மரியாதைக்குத் தானும் ஒன்று எடுத்தார். பதினெட்டு. நான் பாய்ந்து என் மனைவிக்கு ஒன்று கொடுத்தேன். அதைப் பார்த்துப் போட்டோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று எடுத்தார். பதினாறு. நான் ஒன்றைச் சரி செய்தால் மரியாதை தெரிந்த எவரோ ஒருவர் அதைக் கெடுத்தார். நான்கு நிமிடத்தில் தட்டில் பதினான்கு. ஏழு பேர் மடியில் துண்டை விரித்துக்கொண்டு தோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையிலிருந்ததைத் தின்று கொட்டையை உள்ளங்கையில் சேர்த்தேன். இருபத்திரண்டு கொட்டை. அதுவும் இரட்டைப்படை.

அந்த நேரத்தில் மத்தூர் மைத்துனர் உள்ளே வந்தார். எல்லோர் கையிலும் பழத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள தட்டு மாத்தியாச்சா" என்று கேட்டுக்கொண்டே தட்டை நோக்கிக் கையை நீட்டினார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

மணி பத்து இருபத்திரண்டு. அக்கா எழுந்து நின்றார். "ஏன்டா தம்பி, இது நமக்கு வேணுமாடா" என்றார். மகன் என்னைப் பார்த்தான். பதினைந்தாவது ஜாதகமும் என் கட்டை விரலால் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக எண்ண ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணின் அப்பா, "யாரும் கையக் கால ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு கமலா ஆரஞ்சு. தொளதொளவென்று, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்றைத் தட்டின் நடுவில் வைத்தார்.

"இது தட்டுல இருந்து எடுத்தது இல்லக்கா. குடகுல இருந்து நேத்து வந்தது. பதினஞ்சு. ஆச்சா?"

அக்கா ஒரு முறை எண்ணினார். நானும் எண்ணினேன். "உக்காருங்க, நேரமாவுது" என்றார் அவர்.

பெண்ணின் அப்பா இன்னொரு ஆரஞ்சின் காம்புப் பக்கம் விரலை வைத்தார். நான்கு நொடி. தோல் ஒரே துண்டாகக் கழன்றது. அதை என்னிடம் நீட்டினார்.

"காப்பித் தோட்டத்துல பத்தொம்பது வருசம் மேஸ்திரியா இருந்தேன் சம்பந்தி. காப்பிக்கு நடுவுல பூரா இதுதான். நீங்க சொன்ன பேரெல்லாம் எனக்குத் தெரியாது. உரிக்க மட்டுந்தான் தெரியும்."

அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. (அவர் குடகில் இருந்ததை மனைவி எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறாளாம். அப்போது நான் தட்டு எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.)

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாற்றினோம். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பளபளக்கும் பதினான்கு பழங்களுக்கு நடுவே தொப்பை விழுந்த ஒரு கமலா. பின்னால் அக்காவின் வலது கண் மட்டும் சிவப்பு.

இது நடந்து எட்டு வருடமாகிறது. ஒவ்வொரு தை மாதமும் சம்பந்தி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவருவார். "இருபத்தொண்ணு தட்டுக்கு, ஒண்ணு பேச்சுக்கு" என்பார். மருமகள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பேச்சுக்கான அந்த ஒன்றை உரித்து என் கையில் வைப்பார். தின்று முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. பெரும்பாலும் பத்துச் சுளை இருக்கும். நான் அவசரப்படாமல் தின்றால் ஐந்து நிமிடம். வருடத்தில் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வீட்டு விஷயங்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் பேசி முடிக்கிறார்கள்.